முதல் போணி

என் பிரியத்துக்குரிய அக்காவுக்கு,

அத்தான் நன்றாக இருக்கிறார். முதலில் இதைத்தான் கேட்பாய் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கண்தான் இன்னும் மங்கிவிட்டது. எதிரே நிற்பது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். ஆனால் தெரிந்தது போலவே நடந்துகொள்கிறார். அது உனக்கும் தெரிந்த குணம்தான்.

நீ போன பிறகு வீட்டுச் சாமான் வாங்குவதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து உன் மகன் செல்போனிலேயே எல்லாவற்றையும் வாங்கி வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தான். "நான் திங்கிறதை நான் எடுக்கணும்டா. அவன் அனுப்புற பருப்பை அவனே திங்கச் சொல்லு" என்று அத்தான் என்னிடம் சண்டை பிடித்தார். சரி என்று ஒரு நாள் சாயங்காலம் பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனேன். கூட்டத்தில் யாரோ தள்ளுவண்டியை அவர் கணுக்காலில் இடித்துவிட்டார்கள். பிறகு ஒரு மாதம் கடைப் பக்கமே வரவில்லை. காலையில் காபி, மத்தியானம் மெஸ் சாப்பாடு, ராத்திரி பழம். கேட்டால் பசியில்லை என்பார்.

அப்போதுதான் அந்தக் கடை வாசலில் ஒரு போர்டு வைத்தார்கள். காலை ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை அறுபது வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மட்டும், மற்றவர்கள் எட்டு மணிக்கு மேல் வரவும் என்று. வெளிநாட்டில் இப்படிச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். திண்டுக்கல்லில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. செய்தியாக்கலாம் என்று நானும் போனேன். அத்தானையும் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒரு பெண். பெயர் மும்தாஜ், பேகம்பூரில் தையல் கடை வைத்திருக்கிறாள், நாற்பது வயது இருக்கும். பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்த ஸ்கூட்டரில் வந்து, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு படியோரச் சரிவில் ஏறி நின்றாள். இடது காலில் போலியோ. உனக்கு இருந்தது போலவே. அத்தானுக்கு அவளைச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் காலில் மாட்டியிருந்த இரும்புக் காலிப்பரின் சத்தம் கேட்டிருக்கிறது. அது வந்த திசைக்கு அவர் முகத்தைத் திருப்பினார்.

ஏழு மணி தாண்டிவிட்டது. உள்ளே விளக்கு எரிகிறது, பில் போடும் பெண் உட்கார்ந்திருக்கிறாள், கதவு மட்டும் திறக்கவில்லை. கடைசியில் முதலாளி வந்தார். ஒட்டன்சத்திரத்துக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். இந்த ஒரு மணி நேர ஏற்பாடே அவராக யோசித்துச் செய்ததுதான். கெட்டவர் என்று சொல்ல முடியாது.

"ஏழு மணின்னு போர்டுல எழுதிப் போட்டிருக்கீங்க. இன்னும் யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மும்தாஜ்.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. பில் மிசினு இப்பத்தான் போட்டிருக்குதுங்க. சித்த நேரம் அந்தச் சேர்ல உக்காருங்க."

சொல்லிவிட்டு நேராக அத்தானிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "ஐயா, நீங்க மட்டும் மொதல்ல உள்ள வந்து ஒரு மஞ்சத்தூள் பாக்கெட் எடுத்துக்கோங்க. போணி ஆயிருச்சுன்னா அப்புறம் எல்லாரையும் உள்ள விட்டுறலாங்க."

அக்கா, உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் உன்னிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள், போணி ஆகட்டும் தாயி, அப்புறமா வா என்று. அதனால்தான் நீ சாமான் வாங்க எப்போதும் உச்சி வெயிலில் போவாய். கேட்டால், "அந்நேரம்தான்டா கூட்டம் இருக்காது" என்பாய். ஒரு தடவை மட்டும், "என் காலைப் பார்த்தா அவனுங்க கல்லாவும் நொண்டிரும்னு பயப்படுறானுக" என்று சொல்லிச் சிரித்தாய். அன்று நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம். நிஜமாகவே உனக்குச் சிரிப்பு வந்ததா?

அத்தான் குரலைத் தாழ்த்தவில்லை. "நான் எதுக்கு மொதல்ல? எனக்கு முன்னாடி அந்தப் பிள்ளையில்ல நிக்குது?"

"இல்லீங்க, மொத யாவாரம் பாருங்க..."

"சத்தமாவே சொல்லுங்கண்ணே" என்றாள் மும்தாஜ். "எனக்குக் காலுதான் சரியில்ல. காது நல்லாத்தான் கேக்குது."

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. அத்தான் தன் கைத்தடியை ஒரு தட்டுத் தட்டினார்.

"தம்பி, நானும் எலக்ட்ரிகல் கடை வச்சிருந்தவன்தான். கடை இருந்த காலம் பூரா தினம் எனக்குப் போணி பண்ணுனது என் வீட்டுக்காரி. அவளும் காலிப்பர் போட்டு நடந்தவதான். ஒரு வீடு கட்டுனேன், ஒரு பையனை இன்ஜினியர் ஆக்குனேன். இதுக்கு மேல என்ன ராசி வேணும் உங்களுக்கு?"

பின்னால் நின்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் சும்மா இருக்கவில்லை. "அந்தக் கடை இப்ப எங்க பெரியவரே இருக்கு?"

"வித்துட்டேன்யா. செவப்பு வயர் கேட்டா பச்சை வயர் எடுத்துக் குடுக்க ஆரம்பிச்சேன். யாரையாவது கரண்ட் அடிக்கிறதுக்குள்ள வித்துட்டேன். நட்டத்துல விக்கல."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பூட்டைத் திறந்துவிட்டார்.

அது கனமான கண்ணாடிக் கதவு, ஸ்பிரிங் வைத்தது. கையை எடுத்தால் படக்கென்று மூடிக்கொள்ளும். ஊன்றுகோலோடு அதைத் தள்ளுவது கஷ்டம். நான் மும்தாஜின் முழங்கையைப் பிடிக்கப் போனேன். சட்டென்று உன் ஞாபகம் வந்தது. பஸ் ஏறும்போதும் ஆஸ்பத்திரி வாசலிலும் எத்தனை முறை கையைத் தட்டிவிட்டிருக்கிறாய். "என்னைப் புடிக்காதடா, கதவைப் புடி. நான் நடந்துக்கிறேன்." நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் நடந்து உள்ளே போனாள்.

உள்ளே போனதும் ஊன்றுகோலைத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, வண்டியின் கைப்பிடியையே பிடித்துக்கொண்டு நடந்தாள். சாயங்காலக் கூட்டத்தில் அதெல்லாம் நடக்காது. ஒரு இடத்தில் சரக்கு அட்டைப்பெட்டிகளை வழியை அடைத்து அடுக்கியிருந்தார்கள். அவள் சத்தம் போட்ட பிறகு ஓரமாக நகர்த்தினார்கள். கோதுமை மாவும் துணி சோப்பும் எடுத்தாள். அதுதான் அன்றைக்குப் போணி. போகும்போது முதலாளியிடம், "சாயங்காலம் போன் பண்ணி யாவாரம் எப்படின்னு கேப்பேன்" என்றாள். கேட்கவும் செய்தாளாம். எப்போதும் போலத்தானுங்க என்றாராம்.

நீ இந்தத் தள்ளுவண்டியைத் தள்ளியதே இல்லை. நீ இருந்திருந்தால் முதலில் என்ன எடுத்திருப்பாய்?

நான் அன்று உள்ளே போகவில்லை. எனக்கு அறுபது ஆக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. பத்திரிகைக்காரன் என்று சொல்லிப் பார்த்தேன். "அது ஊனம் கிடையாதுங்க சார்" என்றார் செக்யூரிட்டி. வெளியிலேயே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அத்தான் ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தார், முகர்ந்தார், குலுக்கினார். முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் இடிக்கவில்லை, அவசரப்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் ரவைக்குப் பதில் சேமியா. மாற்றிக்கொண்டு வரட்டுமா என்றேன். "நான் எடுத்தது எடுத்ததுதான்" என்று அவரே அடுப்பைப் பற்றவைத்துக் கிண்டிச் சாப்பிட்டார். இப்போது வாரம் இரண்டு தடவை போகிறார். மெஸ் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்.

முழுதும் மாறிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இப்போது முதலாளி ஆறே முக்காலுக்கே வந்து, தானே ஒரு சூடம் பாக்கெட் எடுத்து, தானே காசு கொடுத்துப் போணி பண்ணிக்கொள்கிறார். "இதை அன்னைக்கே செஞ்சிருந்தா இம்புட்டுப் பேச்சு வந்திருக்காதுல்ல" என்கிறாள் மும்தாஜ். அத்தானிடம் சொன்னேன். "அது அவன் பயம். கதவு ஏழு மணிக்குத் திறக்குதா, அதைப் பாரு" என்றார். திறக்கிறது. அதையும் பார்த்துவிட்டுத்தான் செய்தி எழுதினேன்.

உன் அலமாரியில் இருந்த பிஸ்கட் டப்பா அப்படியே இருக்கிறது. தினமும் ஷட்டர் பாதி ஏறியதும் காசைக் கொடுத்து நீ போணிக்கு வாங்கிய ஃபியூஸ் கம்பிச் சுருள்கள் டப்பா நிறைய. இப்போது எந்த வீட்டிலும் ஃபியூஸ் கம்பி போடுவதில்லை. தூக்கிப் போடட்டுமா என்று உன் மகன் கேட்டான். அத்தான் டப்பாவை எடுத்துத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவரைக் கடைக்குக் கூட்டிப் போவேன், வாசல் வரைக்கும். எனக்கு அறுபது ஆன பிறகும் அவர் கையைப் பிடித்து உள்ளே நடத்திப் போக மாட்டேன். கதவை மட்டும் பிடித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
நீ கற்றுக்கொடுத்தபடி வாசலில் நிற்கும் உன் தம்பி