முப்பத்தாறு மீட்டர்

ஜனவரி 8, மணலூர்பேட்டை

அப்பாவுக்குக் காலில் கட்டு. அதனால் எனக்கு இந்த மாதம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை. கடல் நடுவே நிற்கும் எரிவாயு மேடைக்கு 380 டன் இயந்திரம் போக வேண்டும். கொண்டுபோய்த் தூக்கி வைக்க எந்தக் கப்பல் சரி என்று நான் சொல்ல வேண்டும். ஆறு வருடமாகக் கப்பல் தேர்ந்தெடுக்கிறேன், ஒன்றிலும் ஏறியதில்லை.

"வயக்காட்டு நடுவுல உக்காந்துக்கினு கப்பலுக்கு இன்னாம்மா பாக்குற?" என்கிறார் அப்பா.

ஜனவரி 10

இரண்டு மிஞ்சின. பெரிய கப்பலின் கிரேன் 800 டன் தூக்கும், பிப்ரவரியில் வரும். சின்னதில் 600தான், ஆனால் கிரேனின் கை நீளம். மார்ச் கடைசியில்தான் காலி. மேலாளர் சிவசங்கர் சாருக்குப் பெரியதுதான் வேண்டும். "எரிவாயு கம்பெனிக்கு பிப்ரவரின்னு வாக்கு குடுத்துட்டேன் மணிமொழி." வரைபடப்படி கிரேனிலிருந்து இயந்திரம் வைக்கும் இடம் 28 மீட்டர். அந்தத் தூரத்தில் பெரியது 510 டன் தூக்கும். போதும்.

ஜனவரி 13

எங்கள் கரும்புக் கொல்லையோர வாய்க்காலில் கரும்பு டிராக்டர் கவிழ்ந்தது. ஓட்டியவர் குதித்துத் தப்பினார். கிரேனோடு வந்த அய்யனார், ரோட்டில் நின்றபடியே தூக்கிவிடுவார் என்று நினைத்தோம். அவர் டேப்பை எடுத்து அளந்தார்.

"இவ்ளோ தூரம் நீட்டுனா என் வண்டியும் கவுந்துடுங்க. நாலு வரிசை கரும்ப வெட்டி வழி வுடுங்க. இல்லன்னா நான் தூக்கமாட்டேன்."

அப்பா முகத்தைச் சுளித்தார். பிறகு வெட்டச் சொன்னார்.

கை நீள நீளத் தூக்கும் எடை குறையும். எனக்குத் தெரியாததா? ஆனால் என் 28-ஐ யார் அளந்தது?

ஜனவரி 15

பொங்கல். விடுமுறை. அந்த 28 மண்டையைக் குடைகிறது.

ஜனவரி 17

மேடையின் வரைபடம் ஐந்து வருடம் பழையது. அங்கே வேலை பார்க்கும் பாரதியைப் போனில் பிடித்தேன்.

"படகு அணையுற தட்ட போன வருஷம் எட்டு மீட்டர் நீட்டிட்டோமே மேடம். யாரும் சொல்லலையா?"

கப்பல் எட்டு மீட்டர் தள்ளித்தான் நிற்க முடியும். ஆக, 36. அந்தத் தூரத்தில் பெரியது 390 டன்தான். இயந்திரம், கொக்கி, வடம் எல்லாம் சேர்ந்தால் 412. சின்னது 460 தூக்கும்! மற்ற மூன்று பக்கமும் பார்த்தேன். கப்பல் நெருங்க வழியில்லை.

ஜனவரி 18

சார்கிட்ட சொன்னேன். "இருபத்திரண்டு டன்தானே. எப்படியும் கொஞ்சம் கூடவே தூக்கும்"னார். நான் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். அவர்கிட்ட முடியாதுன்னு சொன்னதே இல்ல — எப்படி வாயில வந்துச்சு?

ஜனவரி 21

சாரிடமிருந்து இன்னும் போன் இல்லை.

ஜனவரி 24

சார் கூப்பிட்டார். எரிவாயு நிறுவனத்துக்கு நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். "நல்லா திட்டுனாங்க. வாங்கிக்கிட்டேன். சின்னதுதான், மார்ச்சுக்கு மாத்தியாச்சு. நீயும் கப்பலுக்கு வர்ற."

மார்ச் 29, கடலில்

விடிந்ததிலிருந்து இரண்டு முறை வாந்தி. கப்பல் இவ்வளவு சத்தம் போடும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை. 9.40க்குத் தூக்கினார்கள். கிரேனின் திரையில் 415 டன். இருபது நிமிடத்தில் இயந்திரம் தன் இடத்தில் உட்கார்ந்தது. சிவசங்கர் சார் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் டீயை என்னிடம் நீட்டினார்.

என் கணக்கைவிட மூன்று டன் கூட. எங்கிருந்து வந்தது? கிரேன்காரர் சாப்பிட்டுவிட்டு வரட்டும், கேட்க வேண்டும்.