கயிற்றில் தொங்கும் நோட்டு

ஜூலை 8, திங்கள்
இரணியல் ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் எங்கள் பஜ்ஜிக் கடைக்கு இன்று உணவுப் பாதுகாப்பு அதிகாரி அஜிதா மேடம் வந்தார். எண்ணெய் சரி, தண்ணீர் சரி என்றார். பிறகு பழ பஜ்ஜி மடித்த தாளைப் பிரித்தார். என் ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டு! நீல மை பஜ்ஜியிலேயே ஒட்டியிருந்தது.

"இந்த மையும் வயித்துக்குள்ளதான் போவுது. ரெண்டு வாரம் தாறேன். மாத்தலேன்னா கடையப் பூட்டணும்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நோட்டுகளைக் கொடுத்தவள் நான்தானே? ஊரே என் எழுத்தை வாசிக்கிறது என்று பெருமை வேறு!

ஜூலை 9
கொல்லையில்தான் வாழை நிற்கிறதே, இலையில் மடிக்கலாம் என்றேன். முதல் மடிப்பிலேயே இலை கிழிந்து, பஜ்ஜி தினமும் கடைக்கு வரும் ஞானையன் மாமா மடியில். அம்மாவிடம் கேட்டார்:

"சத்தியபாயி, பஜ்ஜி எனக்கா, வேட்டிக்கா?"

ஜூலை 10
மத்தியானம் பள்ளியில் பொதிச்சோற்றைப் பிரித்தேன். அட! சோறு கட்டும் இலையை அம்மா தினமும் தீயில் வாட்டித்தானே எடுக்கிறாள்? எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லையே!

ஜூலை 12
வாட்டிய இலை கிழியவில்லை. என்ன மணம்! ஆனால் ஞானையன் மாமாவுக்குத் திருப்தியில்லை.

"ஏட்டி ஜாஸ்மி, ஒனக்க கதையில ஆட்டுக்குட்டி கெணத்துல விழுந்துதே, பொறவு என்னாச்சு? வாசிக்க ஒண்ணும் இல்லேன்னா நான் எதிர்க் கடைக்குப் போறேன்."

அம்மா பயந்துவிட்டாள். எனக்கோ — சிரிப்பு. நோட்டுத் தாளில் இருந்த என் கதைக்காகவா இத்தனை நாள் வந்தார்?

ஜூலை 14, ஞாயிறு
கோயில் முடிந்து வந்ததும் கதையை முதலிலிருந்து புது நோட்டில் எழுதினேன். கயிறு கட்டி, கடைச் சுவரில் தொங்கவிட்டேன். பஜ்ஜி வேகும்வரை வாசிக்கலாம். பக்கத்தில் ஒரு அட்டை: "கை கழுவினால்தான் நோட்டு."

ஜூலை 17
சோப்பு தீர்ந்துவிட்டது!

ஜூலை 22, திங்கள்
அஜிதா மேடம் வந்தபோது குழாயடியில் ஐந்து பேர் நின்றார்கள்.

"பஜ்ஜிக் கடையில கை கழுவ வரிசையா?"

இலையைப் புரட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஈடு பஜ்ஜி போட்டாள். மேடமும் கை கழுவி வந்து நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே அவருடைய ஜீப் ஹாரன் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார்:

"ஆட்டுக்குட்டி மேல ஏறிச்சா இல்லியா?"

வாயைத் திறக்கப் போனேன். ஞானையன் மாமா ஈரக் கையால் என்னைத் தடுத்தார்.

"சொல்லாதட்டி மக்கா. அவிய வாசிக்கட்டு."