ஒரு கை இடைவெளி

ஜூன் 4

குட்டிம்மாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதறாங்க. போன்ல நீ பேசறது இந்தக் காதுக்கு வெறும் இரைச்சலாத்தான் விழுது. அதான் கடுதாசி.

வேலைக்குப் போறப்ப நீ விட்டுட்டுப் போன ரெண்டு கிளியும் உயிரோட இருக்கு. அவ்வளவுதான் சொல்ல முடியும். சதா பேசிக்கிட்டிருந்த ஆண் கிளி, நம்ம வாத்தியார், இப்ப வாயே திறக்கறதில்ல. நெஞ்சு இறகைப் பிடுங்கிப் பிடுங்கிப் போடறான், தோல் தெரியுது. மிளகா எதிர்க்கூண்டுல தொத்திக்கிட்டு அவனையே பாக்கறா. நீ சொன்னபடி ரெண்டு கூண்டுக்கும் நடுவுல ஒரு கை இடைவெளி விட்டிருக்கேன். ஜெயில்ல ஆளைப் பாக்க வந்த மாதிரி இருக்கு. ரெண்டையும் ஒரே கூண்டுல விட்டா என்னம்மா? பதில் போடு.

கைநாட்டு,
அப்பா

ஜூன் 15

அன்புள்ள அப்பா,

வேண்டவே வேண்டாம். மிளகா வந்த புதுசுல அவனை எப்படி விரட்டினாள்னு நீங்களே பார்த்தீங்க. ஒரே கூண்டுன்னா அவனுக்கு ஓடி ஒளிய இடமில்லை. திங்கறதும் தூங்கறதும் தனித்தனியாத்தான் இருக்கணும். சாயங்காலம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ரெண்டையும் வெளியே விடுங்க. நீங்க பக்கத்துலயே இருக்கணும். அந்தச் சகவாசம் போதும்.

நீங்க வெளியே விடறதே இல்லைதானே? சலூன்ல சீட்டுக்கச்சேரிக்குப் போயிடறீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?

உங்கள் மகள்

ஜூன் 27

குட்டிம்மாவுக்கு,

உன் கடுதாசி வர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு. பதில் போடுன்னு கேட்டேனே தவிர, நான் காத்திருக்கல.

மறந்துட்டேன்னு சொன்னா விட்டுடுவே. மறக்கல. ஊருக்குக் கிளம்பறப்ப பஸ் படியில நின்னு, ரிப்பனை வாயில கவ்விக்கிட்டு, பின்னல் போட்டபடியே நீ சொன்ன ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. இருந்தும் ஒண்ணா விட்டேன். மூக்கோட மூக்கு உரசிக்கிட்டு உக்காந்துச்சுங்க. சரி, ராசியாயிட்டாங்கன்னு சலூனுக்குக் கிளம்பிட்டேன்.

திரும்பி வந்து பாத்தா தண்ணிக் கிண்ணம் சிவப்பா இருக்கு. வாத்தியாரோட இடது கால்ல ஒரு விரலைக் காணோம். மூலையில கம்பியைக் கவ்விக்கிட்டுத் தொங்கறான். அவ தீனிக் கிண்ணத்து மேல உக்காந்து இறக்கையைக் கோதிக்கிட்டிருக்கா. துண்டுல சுத்திக்கிட்டு ஓடினேன். டாக்டர் ரத்தத்தை நிறுத்திட்டார். ஆனா இன்னும் தானாத் தீனி எடுக்கல, நான்தான் கூழ் கரைச்சு ஊட்டறேன்.

திட்டறதுன்னா முழுசாத் திட்டி எழுது. தையல்காரம்மா நல்லாச் சத்தமா படிப்பாங்க.

கைநாட்டு,
அப்பா

ஜூலை 8

அப்பா,

திட்டக்கூட முடியலை. மூணு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

பறவைக் காப்பகத்துல பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை வண்டி வரும். ரெண்டையும் கொடுத்துடுங்க. நீங்களும் இங்கே வந்துடுங்க. எட்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு, வாசல்ல காவலாள் இருக்கார். பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி வெச்சாச்சு. காலையில போனா நான் இருட்டினப்புறம்தான் வருவேன். ஆனா நீங்க பத்திரமா இருப்பீங்க. இந்தத் தடவையாவது சொன்னதைக் கேளுங்க.

மகள்

ஜூலை 19

குட்டிம்மாவுக்கு,

வண்டி வந்துச்சு. மிளகாவைக் கொடுத்துட்டேன். அங்க பெரிய வலைக்கொட்டகையாம். அவளுக்கு ஈடு கொடுக்கிற முரடுங்க இருக்காம், ஒளிய மரப்பொந்தும் இருக்காம். எல்லாம் துருவித் துருவிக் கேட்டுட்டுத்தான் கூண்டைத் தூக்கிக் கொடுத்தேன். போகும்போது அவ திரும்பிக்கூடப் பாக்கல, கழுதை.

வாத்தியாரைக் கொடுக்கல. "உங்க பொண்ணுக்கு போன் போடட்டுமா?"ன்னு வண்டிக்காரன் மிரட்டினான். "போடுப்பா, திட்டு வாங்கப் போறது நான்தானே"ன்னேன்.

சீட்டுக்கச்சேரி இப்ப நம்ம முன்னறையிலதான். ஜன்னல் சாத்தி, ஃபேனும் ஓடாம, வேர்த்து ஊத்துது. "கிளிக்காக நாங்க வேகணுமா?"ன்னு சலூன்காரர் கத்திக்கிட்டேதான் சீட்டைப் பிரிக்கிறார். நாற்காலி முதுகுல நொண்டி நொண்டி நடந்து, எல்லார் கையையும் எட்டிப் பாக்கறான் வாத்தியார். நேத்து சலூன்காரர் கையிலேர்ந்து ஒரு கடலையை வாங்கித் தின்னான். நெஞ்சுல இறகு இன்னும் முளைக்கல. பேச்சும் வரல.

உன் எட்டாவது மாடி விஷயம். கம்பி வெச்சது நல்லது. ஆனா நீ வர்ற வரைக்கும் அங்க என்கூட யாரு பேசுவா? அதை நல்லா விசாரிச்சு எழுது. அப்புறம் சொல்றேன்.

கைநாட்டு,
அப்பா