லா பாஸ் வேர்க்கடையில் நீ கேட்டது

மச்சான்,

இன்று காலை ஜொகூர் மாசாயில் நம் நாட்டு மருந்துக் கடைக்குப் புதிதாக வந்த சாம்பிராணி மூட்டையைப் பிரித்தேன். புழுதியும் பிசினும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், கல்லாவை விட்டுவிட்டு லா பாஸுக்குப் போய்விட்டேன். பொலிவியாவின் அந்த மேட்டுத் தெரு, அய்மாரா மக்களின் மருந்துச் சந்தை, எனக்கு முன்னே மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்த நீ.

உன் மகள் அங்கே வேலையில் இருந்தாள். பிள்ளையைப் பார்க்கப் போகிறேன், துணைக்கு வா என்றாய். கடையில் கூட்டாளி, பயணத்திலும் கூட்டாளி. உன் வயிற்றில் கட்டி இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அறுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியும், நம் கடைச் சூரணத்தையே கரைத்துக் குடித்து நாளைக் கடத்திக்கொண்டிருந்தாய். மகளிடம் மூச்சு விடவில்லை.

சந்தை என்றால் அது சந்தை. வட்டத் தொப்பியும் இரட்டைப் பின்னலுமாகப் பெண்கள்தான் அங்கே முதலாளிகள். ஒரு பக்கம் வேர், பட்டை, இலை, தாயத்து. மறுபக்கம் கையால் நெய்த கோடுபோட்ட துணிகள். சரக்கை அடுக்கியிருந்த நேர்த்தியைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது. ஒரு கடையில் லாமா என்னும் அந்த ஊர் ஒட்டகத்தின் காய்ந்த குட்டிகள் தொங்கின.

"அலமாக்! இது என்னா மச்சான்?" என்று பதறினேன்.

"புது வீடு கட்டுறப்ப அடியில புதைப்பாங்க மாமா," என்றாள் உன் மகள்.

"நம்மாளுங்க கடைக்கால்ல நவதானியம் போடல? அதே கணக்குதான்லா. நீ ஏன் முழிக்கிற?" என்று என்னை இடித்தாய்.

பிறகு ஒரு வேர்க்கடை முன் நின்றாய். கடைக்கார அம்மாளுக்கு நம் வயதிருக்கும்.

"இவங்ககிட்ட கேளும்மா. வயித்துல கட்டி. டாக்டரு அறுக்கணும்ங்கிறாரு. இவங்க வீட்டு ஆளா இருந்தா எந்த மருந்தக் கொடுப்பாங்க?"

மகள் பாதி கேட்டுவிட்டு நிறுத்தினாள். "யாருக்குப்பா?"

"மொதல்ல கேளு."

கேட்டாள். அந்த அம்மாள் அவளைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தார். கையில் எடுத்திருந்த வேர்க்கட்டைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு ஏதோ சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்கப்பா. அறுத்துட்டு வந்தா, நல்லா தூங்க இலை தர்றாங்களாம்." அதற்குமேல் முடியாமல் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கைக்கு வந்த வியாபாரத்தை அப்படித் தள்ளிவிட்ட வியாபாரியை நான் அதுவரை பார்த்ததில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவரோ தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவரைவிட நீதான் என்னை அசத்தினாய். பேரத்தில், வாங்க நினைத்த சரக்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விலை கேட்பவன் நீ. அன்றும் அதைத்தான் செய்தாய். அந்த அம்மாளின் பதில் உனக்கு முன்பே தெரியும். பெற்ற பிள்ளையிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை; அதனால் அவள் வாயாலேயே சொல்ல வைத்தாய். மகளுக்கு ஒரு கோடுபோட்ட துணியை வாங்கிப் போர்த்திவிட்டு, என் காதோரம் சொன்னாய்: "சொல்லிட்டேன்லா. இனிமே அறுத்துக்கலாம்."

அவள் நம்மோடு அதே விமானத்தில் மலேசியாவுக்கு, நம் ஜொகூருக்கே, வந்தாள். அறுவை நல்லபடியாக முடிந்தது. அவள் பெற்ற பிள்ளையை உன் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டுத்தான் கண்ணை மூடினாய். அதற்குமேல் கேட்பது பேராசை என்று நீயே சொன்னாய். எனக்கு அந்தப் பேராசை இருந்தது.

இப்போது உன் மகள் ஞாயிறுதோறும் அழைக்கிறாள்.

"மாமா, உடம்பு எப்படி இருக்கு? ஒளிக்காம சொல்லுங்க."

"எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பாவும் அப்படித்தான் சொன்னாரு."

அவ்வளவுதான். முழங்கால் வலியிலிருந்து ஏறிப்போன சர்க்கரை வரை எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறேன். யாரிடமும் நான் இப்படித் தோற்றதில்லை, மச்சான்.