பெரிய வெள்ளியன்று கழன்று கிடந்த சில்லு

1939 மார்ச் 30
காரின் முன் சில்லு இன்றைக்கும் உறுமியது. பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. பெயாரிங் தேய்ந்துவிட்டது. கொன்ஸ்ரன்ஸுக்குப் பிள்ளைப்பேறு இம்மாதக் கடைசியில் இல்லை, வரும் மாதக் கடைசியில்தான் என்கிறார் டொக்டர். அதற்குள் வீட்டிலேயே மாற்றிவிடலாம். முதல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், றிக்ஷாவுக்குள் பறிகொடுத்த பிறகுதான் இந்தப் பழைய ஒஸ்ரின் காரை வாங்கினேன். இதுவும் பாதிவழியில் நின்றால் நான் என்ன மனிதன்?

ஏப்ரல் 6, பெரிய வியாழன்
புதுப் பெயாரிங் கிடைத்தது. காலைப் பூசை முடிந்ததும் ஜாக் வைத்துச் சில்லைக் கழற்றினேன். அதன் நடுவிலுள்ள ஹப்பையும் இழுத்தெடுத்தாயிற்று. பழைய பெயாரிங் மட்டும் துருவேறி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். நாளைக்கு நாலு அடி அடித்தால் வந்துவிடும்.

ஏப்ரல் 7
நாளைக்கு என்று எழுதினேனே, மடையன்! நாளை என்ன நாள் என்று யோசித்தேனா?

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். கையெல்லாம் கிரீஸ், தாளெல்லாம் கறை. கொன்ஸ்ரன்ஸ் உள்ளே. டொக்டர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் சுத்தியலைத் தூக்கியதும் கொன்ஸ்ரன்ஸின் அம்மா, யோசெப்பின் மாமி ஓடிவந்தார். “பெரிய வெள்ளியில சுத்தியலா தம்பி? ஆண்டவருக்கு இன்னொரு ஆணி அறையப் போறீங்களோ?” என் அம்மா வீட்டிலும் அதே வழக்கம்தான். வைத்துவிட்டேன்.

மத்தியானம் கொன்ஸ்ரன்ஸுக்கு வலி எடுத்துவிட்டது. கார் மூன்று சில்லில் நிற்குது. கொட்டாஞ்சேனை வாடகைக் கார்காரர் எல்லாரும் கோயிலில. திரும்பவும் றிக்ஷாவோ? ஐயோ ஆண்டவரே, ஏலாது!

மாமி மகளைப் பார்த்தார், சுத்தியலைப் பார்த்தார். பிறகு ஹப்பைப் பழைய சீலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். புடவைக்கடை மஷூர் ஜும்மா தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

“மகன், இதை உங்கட முற்றத்தில வச்சு அடிச்சுத் தாங்க. எங்கட வீட்டில ஏலாது.”

“அதுக்கென்ன மாமி? நமக்கு இண்டைக்கு வெறும் வெள்ளிக்கிழமதானே!”

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று நான் சொல்லச் சொல்ல, அவர் சுற்றிச் சுற்றி அடித்தார். துணி அளக்கிற கை. இரண்டு அடி ஹப்பில் விழுந்தால் மூன்றாவது பெருவிரலில். “யா அல்லாஹ்!” என்று கத்திவிட்டுத் திரும்பவும் அடித்தார். பழையது கழன்று விழுந்தது. பலகைத் துண்டை வைத்துப் புதியதையும் இறக்கினார்.

எதிர்வீட்டு றஞ்சிதம் ஜன்னலால் எட்டி, “ஆர் இண்டைக்கு அடிக்கிறது?” என்று கேட்டாள்.

“அது மஷூர் வீட்டுச் சத்தம்” என்றார் மாமி, செபமாலையை உருட்டிக்கொண்டே.

ஸ்பானருக்கு மாமி தடை சொல்லவில்லை. பூட்டினேன், ஓட்டினேன். வழி நெடுக சில்லு மூச்சுவிடவில்லை.

ஏப்ரல் 8
மகன். அழுதான் — வார்ட்டே அதிர அழுதான். கொன்ஸ்ரன்ஸ் சுகம். ஆண்டவரே, நன்றி. வீங்கின பெருவிரலோடு பார்க்க வந்த மஷூருக்கும் நன்றி. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதுவிட்டேன்.

1940 மார்ச் 22, பெரிய வெள்ளி
காலையிலேயே மதிலுக்கு மேலால் மஷூரின் குரல்: “ஹியூபேட், இந்த வருஷம் அடிக்க ஒண்டும் இல்லையா?”

நாங்கள் சிரித்து முடிக்குமுன் உள்ளே டங், டங் என்று சத்தம். மகன் கரண்டியால் பித்தளைத் தட்டில் அடித்துக்கொண்டிருந்தான். கொன்ஸ்ரன்ஸ் பதறிப்போய்ப் பறிக்க ஓடினாள். செபம் சொல்லிக்கொண்டிருந்த மாமி கண்ணைத் திறக்கவேயில்லை.

“விடு பிள்ளை. அது மஷூர் வீட்டுச் சத்தம்.”