அடுத்த கட்டம் வரை காத்திராதவளுக்கு

இன்று காலை சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் திறந்ததும் சந்தனச் சவர்க்கார மணம் வந்தது. சுவாச இயந்திரத்தில் கிடந்த மகனின் காலைப் பிடித்தபடி ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருக்கிறாள். உள்ளே வர அவள் யாரிடமும் கெஞ்சவில்லை. உன் நினைவு வந்தது.

நாமிருவரும் இங்கு வைத்தியர்களாய்ச் சேர்ந்த காலத்தில் தாய்மார் கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். கிருமி வரும் என்பதுதான் காரணம். "டொக்டர்மாரைக் கண்டால் கிருமி விலகிப் போகுமோ?" என்று நீ கேட்பாய்.

பிறகு நாட்டின் சில வைத்தியசாலைகள் சேர்ந்து அதையே ஆராய முன்வந்தன. தாய் பக்கத்தில் இருந்தால், மயக்க மருந்தைக் குறைத்து, பிள்ளையை இயந்திரத்திலிருந்து விரைவாய் எடுக்கலாமா? தொற்றுக் கூடுமா? இணையவழிக் கூட்டத்தில் ஒருவர், யாழ்ப்பாணம் சின்னப் பிரிவு, ஆளும் குறைவு, அடுத்த கட்டத்தில் சேர்க்கலாம் என்றார். நான் தலையாட்டப் போனேன். நீ ஒலிவாங்கியைத் திறந்தாய்.

"எங்கடை பிள்ளையளுக்கு நோய் வருத்தமும் அடுத்த கட்டத்திலையோ வரும்?"

ஆங்கிலத்தில்தான் கேட்டாய், எனக்கு இன்றும் அது எங்கள் தமிழில்தான் கேட்கிறது. எங்களைச் சேர்த்தார்கள்.

இங்கே ஆய்வில் முதலில் சேர்ந்தவள் மயிலிட்டியிலிருந்து வந்த ஒரு சின்னப்பிள்ளை. கடும் நிமோனியா. "என்ரை பிள்ளையை வைச்சுப் பரிசோதிச்சுப் பாக்கப்போறியளோ?" என்று தாய் கேட்டாள். நீ அவளருகே நிலத்தில் குந்தினாய்.

"ஓம் அக்கா. எது நல்லதெண்டு எங்களுக்கே இன்னும் வடிவாத் தெரியாது. அதுதான் எல்லா இடமும் சேர்ந்து பாக்கிறம். நீங்கள் மாட்டனெண்டாலும் வைத்தியம் ஒரு துளியும் குறையாது."

சம்மதித்தாள். மகளின் கையைப் பிடித்தபடி கதைத்துக்கொண்டேயிருந்தாள். பிள்ளை தப்பவில்லை.

ஆய்வை நிறுத்துங்கள் என்று வார்டில் முணுமுணுப்பு எழுந்தது. நோய் முற்றித்தான் பிள்ளை போனது, ஆய்வால் அல்ல என்று வெளியிலிருந்து வந்து பார்த்த குழு சொன்ன பிறகும் அது அடங்கவில்லை. நீ என்னை ஏற்றிக்கொண்டு மயிலிட்டிக்குப் போனாய். அந்தத் தாய் ஏசுவாள் என்று பயந்தேன். அவள் தேத்தண்ணி தந்தாள்.

"கடைசி மூச்சு மட்டும் நான் பக்கத்திலை இருந்தனான், டொக்டர். வெளியிலை நிண்டிருந்தால் எனக்கு விசர் பிடிச்சிருக்கும். உந்த ஆய்வை நிப்பாட்டிப்போடாதேங்கோ."

திரும்பும் வழியில் காரை ஓரங்கட்டி அழுதாய். பிறகு கண்ணைத் துடைத்து, "இனி ஆர் நிப்பாட்டுறதெண்டு பாப்பம்" என்றாய்.

யாராலும் முடியவில்லை. உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும், மருந்து ஏற்றும் கட்டிலில் கிடந்தபடி மட்டக்களப்பு, அனுராதபுர டொக்டர்மாரோடு ஆய்வுக்காகத் தொலைபேசியில் சண்டை பிடித்தாய். முடிவைப் பார்க்க நீ இருக்கவில்லை. தாய்மாரால் தொற்றுக் கூடவில்லை. இயந்திரத்திலிருந்து எடுப்பதில் நாங்கள் எதிர்பார்த்த அளவு வித்தியாசமும் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினோம். தாய்மாரை வெளியே நிறுத்தும் விதி, சேர்ந்திருந்த எல்லா வைத்தியசாலைகளிலும் ஒழிந்தது.

பக்கத்துத் தீவுகளிலிருந்து பிள்ளைகள் பிந்தி வந்து சேர்வதைப் பற்றி இப்போது புதிய ஆய்வொன்றைத் தொடங்குகிறேன். இம்முறை கேள்வி இங்கிருந்து போகிறது. மற்ற வைத்தியசாலைகளை நாங்கள் அழைக்கிறோம். "உங்கடை பிரிவுக்கு உது பெரிய ஆசை" என்றார் கூட்டத்தில் ஒரு மூத்த வைத்தியர். உன்னைப்போல் சண்டை பிடிக்க எனக்கு வராது. ஆனாலும் எழும்பி நின்று, "ஓம், பெரிய ஆசைதான்" என்றேன்.

உன் கல்லறையில் 'அமைதியில் இளைப்பாறுகிறாள்' என்று வெட்டியிருக்கிறார்கள். வாசித்துச் சிரித்துவிட்டேன். சரி, இளைப்பாறு. உன் கோபம் என்னிடம் இருக்கிறது.