பாதி அறுத்த கயிறு

ஐப்பசி 20, வியாழன்

இன்று ஏரிக்கரையில் வெள்ள ஒத்திகை நடந்தது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவராக நடிக்க, செல்வி அண்ணியை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தினார்கள். கயிறு கட்டிய மிதவையை அவரிடம் வீசுவது என் வேலை. வீசினேன். கயிறு எட்டவில்லை, மிதவை பாதி வழியிலேயே விழுந்தது. ஊரே சிரித்தது.

அண்ணி நடந்தே கரையேறினார். "இன்னா தம்பி, இம்மாந்தான் கயிறு குடுத்தாங்களா? நெஜமா வெள்ளம் வந்தா நான் போய்ச் சேர வேண்டியதுதானா?"

"அளந்து குடுக்கக்கூடத் துப்பில்ல கவர்மெண்ட்டுக்கு" என்று நானும் சேர்ந்து திட்டினேன். எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

அந்தக் கயிற்றில் பாதியை அறுத்தவன் நான். போன மாதம் என் படகின் நங்கூரக் கயிறு இற்றுப்போனது. இறால் நன்றாக விழுந்த நேரம், தொழிலை நிறுத்த மனம் வரவில்லை. மிதவை வைத்திருக்கும் புயல் பாதுகாப்பு மையத்துச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. புதுசு வாங்கி வைத்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன்.

இப்போது வாடைக்காற்று வலுத்துவிட்டது. ஏரி ஏறினால் முதலில் தண்ணீர் நுழைவது அண்ணி வீட்டில்தான். கயிற்றை எடுத்துவரக் கரைவரை போனேன். படகு அதை இழுத்து இழுத்து ஆடிக்கொண்டிருந்தது. அவிழ்த்தால் படகு போய்விடும்.

திரும்பி வந்துவிட்டேன்.